பில்லில் ஏறாத வைரம்

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஜாகர்ஸ்ஃபொன்டெயின் என்றொரு சிற்றூர். 1870இல் அங்கே வைரம் கிடைத்தது. 1893இல் 995 கேரட் எடையுள்ள ‘எக்செல்சியர்’ அங்கேதான் தோண்டியெடுக்கப்பட்டது. அடுத்த இரண்டாவது வருஷமே 650 கேரட்டில் இன்னொன்று. லேசாக நீலம் ஓடும் வெள்ளைக் கற்களுக்குப் பேர்போன அந்தச் சுரங்கத்தை 1971இல் மூடிவிட்டார்கள். பிற்பாடு, கொட்டிக் கிடந்த கழிவு மண்ணைச் சலித்துக் கொஞ்சம் கல் எடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அந்தக் கழிவு அணையும் உடைந்து ஊருக்குள் சேறு புகுந்தது.

தமிழ்நாட்டு நகைக்கடை விளம்பரங்களில் மட்டும் அந்தச் சுரங்கம் இன்னும் மூடப்படவில்லை. ‘ஒரிஜினல் ப்ளூ ஜாகர்’, ‘அசல் ப்ளூ ஜாகர் வைரத்தோடு’ என்று அட்சய திருதியைக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் பரம்பரையாகப் போட்டுவந்த குடும்பங்களில் இந்தப் பேரைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வியே எழாது. பாட்டி போட்டிருந்தது ப்ளூ ஜாகர், பேத்திக்கும் அதுவே.

இந்தப் பேர் வானத்திலிருந்து குதித்ததல்ல. போன நூற்றாண்டின் பெரும்பகுதியில் வைர வியாபாரிகள் நிறத்தைச் சுரங்கங்களின் பேரிலேயே வகை பிரித்தார்கள். உச்சியில் ஜாகர், அப்புறம் ரிவர், டாப் வெசல்டன், வெசல்டன் என்று இறங்கி, மஞ்சள் தட்டிய கல்லுக்கு கேப் என்று பேர். உலகம் முழுவதும் அந்த வரிசையைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நம் ஊரில் முதல் படி மட்டும் மிச்சம் நிற்கிறது. ஜாகருக்குக் கீழே என்ன என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை, ஏனென்றால் கீழே எதுவுமே விற்கப்படுவதில்லை போலும்!

பழைய, நம்பகமான கடைகளில் ‘ப்ளூ ஜாகர்’ என்றால் நிறமற்ற, சுத்தமான, நன்றாகப் பட்டை தீட்டிய கல் என்று பொருள். அதைச் சொல்லி நல்ல கல்லையே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்த ஆய்வகத்தின் அறிக்கையிலும் ‘ஜாகர்’ என்று ஒரு கட்டம் கிடையாது. ஒரு கடையின் ஜாகர் அடுத்த கடையில் இரண்டு படி கீழாக இருக்கலாம். அளந்து பார்க்கக் கோல் இல்லை. அந்த விளம்பரத்தையும் வாங்கிய பிறகு கையில் கிடைக்கும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். விளம்பரத்தில் அரைப்பக்கத்துக்கு நின்ற பேர், பல பில்களில் ‘வைரம், இத்தனை கேரட், இத்தனை ரூபாய்’ என்று சுருங்கிவிட்டிருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு நேரடியான விதி உண்டு. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையத்தின் நகைத்துறை வழிகாட்டியின்படி, சாதாரணப் பகல் வெளிச்சத்தில் நீலத்தைத் தவிர வேறு எந்தச் சாயல் தெரிந்தாலும் அந்தக் கல்லை ‘ப்ளூ ஒயிட்’ என்று விளம்பரம் செய்வது ஏமாற்று. காரணம் இருக்கிறது. நூறு வைரங்களை எடுத்தால் 25 முதல் 35 கற்கள் புற ஊதா ஒளியில் கொஞ்சமாவது ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. வெயிலில் புற ஊதா கலந்திருப்பதால், லேசான மஞ்சள் தட்டிய கல்கூட வெளியே கொண்டுபோனால் சில சமயம் ஒரு படி வெளுப்பாகத் தெரியும். “வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்க, நீலம் அடிக்கும்” என்ற விற்பனைப் பேச்சில் பொய் இல்லை. ஆனால் வாசலில் தெரிவது கல்லின் நிறத்தோடு வெயில் சேர்ந்த கணக்கு. இப்படி ஒளிர்வது குறையுமல்ல. 1997இல் ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாகப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் வித்தியாசமே தெரியவில்லை. விலையில் மட்டும் வித்தியாசம் தெரியும். அதனால்தான் ஆய்வக அறிக்கையில் அதற்குத் தனிக் கட்டம்.

தங்கத்துக்கு இந்தக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிட்டது. 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு, அதைச் செல்போன் செயலியில் தட்டினால் விவரம் வந்துவிடும். சவரன் என்ன விலை என்பது காலையில் பேப்பரிலேயே வருகிறது. டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். வைரத்துக்கு அன்றன்றைய போர்டு ரேட்டும் கிடையாது, அரசாங்க முத்திரையும் கிடையாது. வைரத்தோட்டில் ஹால்மார்க் இருக்கிறதென்றால் அது தங்கத்துக்கு மட்டும். கல்லுக்கு அந்த முத்திரை பொறுப்பேற்காது. ‘ஹால்மார்க் வைர நகைகள்’ என்று விளம்பரத்தில் சேர்த்து எழுதும்போது படிப்பவர் எதை நினைத்துக்கொள்வார் என்பது எழுதியவருக்கும் தெரியும்.

வைரத்தின் குறை பார்ப்பதில் நம்மவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தேர்ந்தவர்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி விற்கும் வீதியைப் பார்க்கிற இடத்தில், வைரத்துக்கு ஆகாத நான்கு குற்றங்கள் பேசப்படுகின்றன: காக்கையின் கால் போலக் கிளைத்த கீறல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கும் கரும்புள்ளி இருந்தால் தோஷம் என்று கல்லைத் திருப்பித் தருகிறவர்கள் அதே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். நவீன ஆய்வகம் செய்ததெல்லாம் அதைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப்பின் கீழே வைத்துப் படிகளாகப் பிரித்ததுதான்.

அந்தப் படிகளை இன்றைய வடிவில் 1953இல் வகுத்தவர் அதே ஜிஐஏவின் ரிச்சர்ட் லிடிகோட். நிறம் ஆங்கில எழுத்தில் ‘டி’யில் தொடங்கி ‘இசட்’ வரை போகும். ஏன் ‘ஏ’யில் தொடங்கவில்லை? அந்தக் காலத்து வியாபாரிகள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று இஷ்டத்துக்கு அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தையின் வாசனையே வேண்டாம் என்றுதான் மூன்று எழுத்துகளைத் தாண்டி ஆரம்பித்தார்கள். தெளிவில், குறையே இல்லாததில் தொடங்கி விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று இறங்கும். விவிஎஸ் என்றால் பயிற்சி பெற்றவருக்கே லூப்பில் தேடித்தான் கிடைக்கும். எஸ்ஐ என்றால் லூப்பில் சுலபமாகத் தெரியும். ஐ என்றால் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கே.

நிறம் பார்ப்பதை ஒருமுறையாவது நேரில் கவனிப்பது நல்லது. ஒரு வெள்ளை அட்டையை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் கல்லின் தட்டையான முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். பார்ப்பது மேலிருந்து அல்ல, பக்கவாட்டில். மேலிருந்து பார்த்தால் பளபளப்பு நிறத்தை மறைத்துவிடும். பக்கத்தில், நிறம் தெரிந்த மாதிரிக் கற்களை வரிசையாக வைத்து ஒப்பிடுவார்கள். அப்படி வைத்தும் ‘டி’க்கும் ‘எஃப்’புக்கும் உள்ள வித்தியாசம் வாடிக்கையாளரின் கண்ணுக்குச் சிக்காது. ‘ஜே’ வந்ததும் ஓரத்தில் மஞ்சள் நிற்பது புலப்படும். இதே ‘ஜே’ கல்லை மஞ்சள் தங்கத்தில் பதித்துவிட்டால் அதுவும் மறைந்துபோகும். தங்கத்தின் நிறமா கல்லின் நிறமா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. டி முதல் இசட் வரையிலான முழு அறிக்கையை ஜிஐஏ பதிக்காத உதிரிக் கல்லுக்கு மட்டுமே தருவது இதனால்தான்.

இங்கேதான் ‘இ-எஃப், விவிஎஸ்’ வருகிறது. இன்றைய விளம்பரங்களில் ப்ளூ ஜாகருக்குப் போட்டியாக வளர்ந்திருக்கும் மந்திரம் இது. கேட்க விஞ்ஞானமாக இருக்கிறது, எழுத்துகளும் நிஜமானவை. ஒரு ஜோடி ஏழுகல் தோட்டில் 14 கற்கள். ஒவ்வொன்றும் சில சென்ட் எடை. இந்தச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிக்கை வாங்கினால் கட்டணம் கட்டுப்படியாகாது. சூரத்திலோ மும்பையிலோ பொட்டலமாக வாங்குகிறார்கள். தரம் அந்தப் பொட்டலத்துக்கு. செய்து முடித்த நகைக்கு ஓர் ஆய்வகம் தரும் அட்டையில் எல்லாக் கற்களுக்கும் சேர்த்து ஒரே வரி இருக்கும். அது சராசரி. பதினான்கில் ஒன்றிரண்டு கீழே நழுவியிருக்கலாம். பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடிய நம்மூர்க் கட்டு என்றால் கல்லின் அடிப்பாகத்தைப் பார்க்கவே வழியில்லை. இதில் மோசடி இருந்தே தீரும் என்பதில்லை. ‘பதிக்கும் முன் உதிரியாகத் தரம் பார்த்த கற்கள்’ என்று ஒரு வரி அச்சிட்டால் வாங்குபவருக்கு எவ்வளவோ தெளிவு கிடைக்கும். அந்த வரியைத்தான் காணோம்.

‘சர்டிஃபைட் டைமண்ட்’ என்ற சொல்லும் இப்படித்தான். யார் கொடுத்த சர்டிஃபிகேட்? 2014 அக்டோபரில், உலக வைர வியாபாரிகள் கல் பட்டியலிடும் ராப்நெட் தளம் இஜிஎல் என்ற ஆய்வகப் பேரிலான அறிக்கையுள்ள கற்களை ஏற்பதில்லை என்று நிறுத்தியது. ஜிஐஏ அளவுகோலின் எழுத்துகளையே போட்டுக்கொண்டு, கல்லைப் பல படிகள் உயர்த்திச் சொல்வதாக அந்த அறிக்கைகள் மேல் புகார். தாளில் ‘ஜி’, கையில் ‘ஜே’ என்றால் அந்த இடைவெளி வாங்கியவர் பணம். கறாருக்குப் பேர்போன ஜிஐஏவும் அப்பழுக்கில்லாததல்ல. 2005இல் அதன் நியூயார்க் ஆய்வகத்தில், கற்களின் தரத்தை உயர்த்திப் போடப் பணம் கைமாறியதாகக் குற்றச்சாட்டு வந்து, உள்விசாரணைக்குப் பின் நான்கு ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆகவே ‘சர்டிஃபைட்’ என்று மொட்டையாகச் சொல்லும் விளம்பரம் பாதி வாக்கியம். ஆய்வகத்தின் பேரும் அறிக்கையின் எண்ணும் சேர்ந்தால்தான் அது முழு வாக்கியம்.

எடைக்கு வருவோம். ஒரு கேரட் 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். ‘மொத்தம் ஒரு கேரட் வைரம்’ என்று தோட்டுக்கு விளம்பரம் வருகிறது. 7 சென்ட் கற்கள் பதினான்கு சேர்ந்தால் 98 சென்ட். அதே 98 சென்ட் ஒரே கல்லாக இருந்தால் விலை பல மடங்கு. வைரத்தில் எடை இரட்டித்தால் விலை இரட்டிப்பதோடு நிற்காது. பெரிய கல் அபூர்வம் என்பதால் எகிறும். இந்த விஷயம் தெரியாதவரிடம் ‘ஒரு கேரட்’ என்ற சொல் செய்கிற வேலை பெரிது. அடுத்து, நகையின் மொத்த எடையில் கல் எடையைக் கழித்தார்களா என்று பார்க்க வேண்டும். 5 கேரட் பதித்த ஆரத்தில் கல் எடை சரியாக ஒரு கிராம். கழிக்க மறந்தால் வைரத்துக்கும் காசு, வைரத்தின் எடைக்குத் தங்கக் காசு, அதன்மேல் சேதாரம்.

தள்ளுபடியும் கேரட் கணக்கில்தான். ‘கேரட்டுக்கு 20,000 ரூபாய் தள்ளுபடி’ என்று ஒரு கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். 12 சென்ட் மோதிரம் வாங்குபவருக்குக் கிடைப்பது 2,400 ரூபாய். அந்தக் கடை கேரட்டுக்கு எவ்வளவு விலை வைத்திருக்கிறது என்பது விளம்பரத்தில் இருக்காது. எதிலிருந்து தள்ளினார்கள் என்றே தெரியாத தள்ளுபடியைத் தள்ளுபடி என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவும் பூமியில் கிடைத்த வைரத்தின் கதை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கச்சேரியே மாறிவிட்டது.

போலிக் கல் நமக்குப் பழகியதுதான். திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே நடந்துவந்தது. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கும் கியூபிக் சிர்கோனியாவை யாரும் வைரம் என்று நினைத்து ஏமாறுவதில்லை, விலையே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் அப்படியல்ல. அது கார்பன்தான், வைரமேதான். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954இலேயே செய்துகாட்டிவிட்டார்கள். நகைத் தரத்தில், மலிவாக, டன் கணக்கான இயந்திரங்களை வைத்துச் சூரத்திலேயே விளைவிக்க முடிகிறது என்பதுதான் புதுசு. கடைகளில் பேனா மாதிரி வைத்து ‘பீப்’ சத்தம் கேட்கவைக்கும் கருவி சூடு கடத்துவதை வைத்துச் சோதிப்பது; வைரம்போலத் தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லிடமே அது ஏமாறும். வளர்த்த வைரத்தை வைத்தால் ‘வைரம்’ என்றே சொல்லும், சொல்வதும் சரிதான். பிரித்தறியத் தனி இயந்திரம் வேண்டும். 2012இல் ஐஜிஐ ஆய்வகத்துக்கு இயற்கைக் கற்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட சரக்கில் சொல்லாமல் கலந்த நூற்றுக்கணக்கான வளர்த்த கற்கள் பிடிபட்டபோது தொழிலே அதிர்ந்தது.

விளம்பரத்தின் நாணயம் இங்கே நேரடியாகக் காசு. டி பீர்ஸ் நிறுவனம் 2018இல் ‘லைட்பாக்ஸ்’ என்ற பேரில் வளர்த்த வைரத்தை கேரட் 800 டாலர் என்று ஒரே விலையில், தர அறிக்கையே இல்லாமல் விற்க இறங்கியது. 2023இல் பிரதமர் மோடி, அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்கு 7.5 கேரட் வளர்த்த வைரம் ஒன்றைப் பரிசளித்தார். அமெரிக்க அரசுப் பதிவேட்டில் அதன் மதிப்பு 20,000 டாலர். அதன் பிறகு விலை இறங்கியபடியே இருக்கிறது. நல்ல நிறமும் தெளிவும் இயந்திரத்தில் சுலபமாக வருவதால், வளர்த்த கல்லுக்கு ‘இ-எஃப், விவிஎஸ்’ என்று போடுவதில் அபூர்வம் ஒன்றுமில்லை. ஜிஐஏவே 2025 அக்டோபர் முதல் வளர்த்த கற்களுக்கு அந்த எழுத்துப் படிகளைக் கைவிட்டு, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று இரண்டே வகையாக்கிவிட்டது. ஆக, ‘விவிஎஸ் வைரம், பாதி விலையில்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, எங்கே பிறந்தது என்று சொல்லாவிட்டால், அந்த விளம்பரம் வாங்குபவரிடம் எதையும் சொல்லவில்லை.

2015இல் வந்த ஐஎஸ்ஓ 18323 தரவிதி இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. வெறுமனே ‘வைரம்’ என்றால் இயற்கையானது. மற்றதை ‘ஆய்வகத்தில் வளர்த்த வைரம்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும், சுருக்கி விழுங்கக் கூடாது. அமெரிக்க ஆணையம் 2018இல் வைரம் என்பதற்கான தன் வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதற்காகச் சொல்லாமல் விற்கலாம் என்று அர்த்தமில்லை. அடுத்த ஆண்டே, வளர்த்த கற்களைத் தெளிவாகச் சொல்லாமல் விளம்பரம் செய்ததாக எட்டு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். நடித்துக்கொடுக்கும் நட்சத்திரமும் தப்ப முடியாது. விளம்பரங்களில் நடிக்க ஓராண்டு, மறுபடியும் என்றால் மூன்றாண்டு வரை தடை விதிக்கலாம். தமிழ்நாட்டு நகைக்கடை விளம்பரம் எதுவும் ஒரு சினிமா முகம் இல்லாமல் வருவதில்லை என்பதால் இது சின்ன விஷயமல்ல. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகளில் இன்னொரு அருமையான சங்கதி இருக்கிறது: பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துப் பாருங்கள். ‘அசல்’, ‘உத்தரவாதம்’, ‘100 சதவீதம்’ எல்லாம் தமிழில் பெரிதாக நிற்கும். பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி. அது ஆங்கிலத்தில்.

அந்த எறும்பு வரியில் பெரும்பாலும் அடைபட்டிருப்பது திரும்ப வாங்கும் நிபந்தனை. ‘100 சதவீதம் பை-பேக்’ என்றால் பணமாகவா, வேறு நகையாகவா? வாங்கிய விலைக்கா, அன்றைய விலைக்கா? எல்லாக் கிளைகளிலுமா? செய்கூலியும் வரியும் போக மீதிக்கா? அறிக்கை அட்டை தொலைந்தால்? வளர்த்த கல்லுக்கும் இது உண்டா? தங்கத்தை எந்தக் கடையிலும் போர்டு ரேட்டை ஒட்டி விற்கலாம். வைரத்தை விற்ற கடை எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்காரர் சொல்லும் விலை வயிற்றைக் கலக்கும். எனவே வைர விளம்பரத்தில் மிக முக்கியமான வரி இதுதான். அதுதான் மிகச் சிறிய எழுத்தில்.

வாங்குபவர் செய்யக்கூடியது சிக்கலானதல்ல. விளம்பரத்தில் சொன்ன ஒவ்வொன்றையும் பில்லில் எழுதித்தரக் கேட்பது: இயற்கையா, வளர்த்ததா, கற்களின் எண்ணிக்கை, எடை, நிறம், தெளிவு, அறிக்கை கொடுத்த ஆய்வகம், எண், கல் எடை கழித்த தங்கம், திரும்ப வாங்கும் சதவீதம். பெரிய ஒற்றைக் கல்லாக இருந்தால், அதன் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணை லூப்பில் காட்டச் சொல்லலாம். அந்த எண்ணும் அறிக்கையும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அறிக்கையில் உள்ள அளவும் எடையும் கல்லோடு ஒத்துப்போக வேண்டும். இயற்கைக் கல்லின் எண்ணை வளர்த்த கல்லில் பொறித்து அனுப்பியவை ஆய்வகங்களிலேயே பிடிபட்டிருக்கின்றன. நேர்மையான கடைக்காரர்களுக்கு இந்தக் கேள்விகள் சங்கடம் தருவதில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு லாபம், ஏனென்றால் பக்கத்துக் கடை ‘ஜாகர்’ என்று கூவி விற்கும் மட்டமான கல்லோடு அவர்களுடைய நல்ல கல் விலையில் மோத வேண்டியிருப்பது அப்போதுதான் நிற்கும்.

பில்லோடு அன்றைய விளம்பரத்தையும் கத்தரித்து வைத்துக்கொள்வது நல்லது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேசலாம்.